மூத்தாப்பா கண்டுபிடித்த பெட்டி

எங்கட குடும்பத்தில் ஒரு விஞ்ஞானி இருந்தார் என்று கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தேன். உம்மம்மாவின் வாப்பா. நாங்கள் மூத்தாப்பா என்று சொல்வோம். நான் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முதலே மௌத்தாகிவிட்டார். தறியில் வைக்கிற 'ரெண்டு தட்டுப் பெட்டி'யைக் கண்டுபிடித்தது அவர்தானாம். அதைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் கட்டம் போட்ட சாரன் நெய்யத் தொடங்கினதாம். ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்துவிட்டு, இது லண்டனில் கூட இல்லையே என்று சொன்னானாம்.

சொல்கிறவர் மாமா. உம்மாவின் மூத்த காக்கா. பெருநாளைக்கு வீட்டுக்கு வாற ஆட்களுக்குச் சொல்வார். சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த நிறுவனக்காரர்களுக்குச் சொல்லி, அதில் ஒருவர் படம்பிடித்து இங்கிலிஷில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட அடித்தார்களாம். அந்தத் துண்டு இன்னமும் மாமாவின் அலுமாரிக்குள், கடுதாசி உறைக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் நான் அந்தப் பெட்டியைத்தான் எழுதுவேன். மற்றப் பிள்ளைகளின் மூத்தாப்பாக்கள் வயலும் கடையும் வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு விஞ்ஞானி.

போன தவணை எங்கட பாடத்தில் வாய்மொழி வரலாறு என்று ஒரு ஒப்படை வந்தது. அவரவர் குடும்பத்திலிருந்து ஒரு தொழில், அதை மூன்று தலைமுறைக்குப் பின்னால் கொண்டு போய் எழுத வேண்டும். எனக்கு என்ன கஷ்டம்? ஒரே இரவில் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது விரிவுரையாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, 'ஆதாரம்?'

கோபம்தான் வந்தது முதலில். மறுகா நூலகத்தில் போய் இருந்தேன்.

பெட்டி என்றால் என்ன என்று தறி பார்க்காத ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். நெசவில் நீட்டுக்கு ஓடுகிற நூல் பாவு, குறுக்கே போகிற நூல் ஊடை. ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடுவது நாடா. ஒரு சின்னத் தோணி மாதிரி இருக்கும், ரெண்டு முனையும் கூர். ஆதியில் நாடாவைக் கையால் எறிந்து மற்றக் கையால் பிடிக்க வேண்டும். துணி அகலமாகிவிட்டால் ஒருவரின் கை எட்டாது, ரெண்டு பேர் இருக்க வேண்டும். 1733இல் இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ஜோன் கே என்பவர், பலகையின் ரெண்டு அந்தத்திலும் பெட்டி வைத்து, நடுவில் ஒரு கயிறு கட்டி, கயிற்றைச் சுண்டினால் நாடா தானே பறந்து போய் மற்றப் பெட்டிக்குள் விழுகிற மாதிரிச் செய்து காப்புரிமை எடுத்தார். கம்பளி நூலைப் பிரித்துத் துப்பரவாக்குகிற ஒரு இயந்திரத்துக்கு என்று எடுத்த அதே உரிமைப் பத்திரத்துக்குள்தான் இதுவும் இருந்தது. உலகத்தையே மாற்றின சாமான் உள்ளே ஒரு பந்தியாகக் கிடந்திருக்கிறது.

ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான். சாரனில் குறுக்குக் கோடு வர வேண்டுமென்றால் தறியை நிற்பாட்டி, நாடாவை எடுத்துவிட்டு, மற்ற நிறம் உள்ள நாடாவை வைக்க வேண்டும். கட்டம் சின்னதாக இருந்தால் நாள் முழுக்க இதே வேலைதான். இதற்குத்தான் அடுக்குப் பெட்டி. ஒரு பக்கத்தில் மேலும் கீழுமாக ரெண்டு தட்டு. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் கறுப்பு. பெட்டியை ஏற்றினால் ஒரு நாடா பலகை மட்டத்துக்கு வரும், இறக்கினால் மற்றது வரும். கையை எடுக்காமலே நிறம் மாறும்.

இதைத்தான் எங்கட மூத்தாப்பா கண்டுபிடித்தார்.

இதை 1760இல் கண்டுபிடித்தவர் றொபேட் கே. ஜோன் கேயின் மகன்.

நான் அந்த வரியை வாசித்த இடம் நல்லா ஞாபகம். வந்தாறுமூலையிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ், கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசல், வலப்பக்கம் வாவியில் ஒரு ஆள் தோணியில் நின்றுகொண்டு வலை எறிகிறார், என் போனில் 1760. உம்மம்மாவின் வாப்பா பிறக்கிறதுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல். லண்டனில் கூட இல்லையாம்!

அதற்குப் பிறகு நான் செய்தது ஒப்படைக்குத் தேவையே இல்லாத வேலை. ஜோன் கேயின் குடும்பத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். 1704இல் பெரி என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அவர் செய்த நாடாவை எல்லாரும் பாவித்தார்கள், காசு கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை. முதலாளிமார் சேர்ந்து 'நாடாச் சங்கம்' என்று ஒன்று வைத்து, அவர் வழக்குப் போட்டால் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வழக்குப் பேசியே கையில் இருந்ததும் போய், 1747இல் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே அரசாங்கம் கொஞ்சம் உதவிப் பணம் கொடுத்தது. 1779க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது அடுத்த பகுதியில்தான். 1840களில் தோமஸ் சட்கிளிஃப் என்று ஒருவர், தான் ஜோன் கேயின் பேரப்பிள்ளையின் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்து, எங்கட மூப்பர் இந்த நாட்டுக்கு இவ்வளவு செய்திருக்கிறார், குடும்பத்துக்கு நாடாளுமன்றம் பணம் தர வேண்டும் என்று எழுதித் திரிந்திருக்கிறார். பரம்பரையைப் பற்றி அவர் எழுதினதில் கனக்கப் பிழை. அரைவாசி அவரே கட்டினது. பிறகு ஜோன் லோர்ட் என்பவர் பழைய பதிவேடுகளையெல்லாம் கிளறி 1903இல் ஒரு புத்தகம் எழுதி, சட்கிளிஃப் சொன்னவற்றை ஒவ்வொன்றாக உடைத்தார். ஆனாலும் என்ன? மன்செஸ்டர் நகர மண்டபச் சுவரில் ஃபோர்ட் மடொக்ஸ் பிறவுண் வரைந்த பெரிய ஓவியம் இன்றைக்கும் இருக்கிறது. வேலை போகும் என்று பயந்த சனம் வீட்டை உடைத்துக்கொண்டு வர, ஜோன் கேயைத் துணியில் சுற்றித் தூக்கி ஓடுகிறார்கள். அப்படி ஒரு சம்பவம் நடந்ததா என்பதே சந்தேகம் என்று பின்னால் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுவரில் ஏறின கதையை ஆர் இறக்குவது?

அப்போ சட்கிளிஃப் என்பவர் எங்கட மாமாதான். நான் ஜோன் லோர்ட்டா?

இந்த இடத்தில் வீட்டு நிலவரத்தைச் சொல்லாமல் போக முடியாது. எங்கட பக்கத்தில் குடி தாய்வழியாகத்தான் வரும், வீடும் அப்படித்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவார். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கு. மூத்த ராத்தாவுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்தாயிற்று. ரெண்டாவது நான். எனக்கு வளவின் பின்பக்கத்தில், மேற்கே வட்டைப் பக்கமாக, அத்திவாரம் போட வேண்டும். அந்த இடத்தில் நிற்பது தறிக்கொட்டில். தறி ஓடி எட்டு வருஷம் ஆகிறது, பாவு முழுக்கத் தூசு. எனக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, மாப்பிள்ளை பேசவுமில்லை, ஆனால் சீமெந்து விலை ஏறிக்கொண்டு போகிறது என்று வாப்பாவுக்குப் பயம். மாமாவுக்குத் தறியைக் கழற்றுகிறதில் விருப்பமே இல்லை. "விஞ்ஞானிட தறிய ஒடச்சிப் போட்டு அதில குசினி கட்டப் போறீங்களா?" என்று வாப்பாவோடு ரெண்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஆக, என் ஒப்படையில் ஒரு சொல்லை வெட்டுவது என்பது அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தில் போய் நிற்பது. அதுவும் எனக்கு வீடு கிடைக்கிற பக்கத்தில்.

உம்மம்மாவிடம் போனேன். எழுபத்தாறு வயது. கண் கொஞ்சம் குறைவு, காது நல்லாக் கேட்கும். பின் விறாந்தையில் பன் பாயில் இருந்து வெத்திலை இடித்துக்கொண்டிருந்தா.

"உம்மம்மா, மூத்தாப்பாதான் அந்தப் பெட்டியக் கண்டுபிடிச்சா?"

"ஆரு புள்ள சொன்ன? ஒன்ட மாமாவா?" சிரிச்சா. "அவன் அப்ப பொறக்கவே இல்லியே."

அதுக்குப் பிறகு மூன்று பின்னேரம் பேசினோம். போனில் பதிந்து வைத்திருக்கிறேன். வருஷம் கேட்டால் உம்மம்மாவுக்கு இலக்கம் வராது. வெள்ளத்துக்கு முதல், வெள்ளத்துக்குப் பிறகு என்பா. வெள்ளம் என்றால் 1957 டிசம்பர். சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23. அதுக்கு அடுத்தது தொண்ணூறு, அதுக்கு அடுத்தது கடல் வந்தது. எங்கட பக்கத்துக் கிழவிகள் எல்லாரிடமும் இந்த நாலு கலண்டரும் இருக்கும். பெட்டி செய்தது வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், நோன்புக்கு முதல். அப்போ உம்மம்மாவுக்குப் பத்து வயது.

மூத்தாப்பா எங்கேயோ அரசாங்க நெசவு நிலையத்தில் அந்தப் பெட்டியைக் கண்டிருக்கிறார். ஒரே ஒரு தரம். கிட்டப் போய்ப் பார்க்க விடவில்லையாம். வீட்டுக்கு வந்து ரெண்டு நெருப்புப் பெட்டியை ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து, நூலால் கட்டி, மேலே தூக்கிக் கீழே இறக்கி, பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி ரெண்டு நாள் இருந்திருக்கிறார். மறுகா அந்த நெருப்புப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போய் ஒரு ஓடாவியாரைக் கூட்டி வந்திருக்கிறார். தமிழ் ஆள். அவர்தான் மரம் பார்த்து, அறுத்து, இழைத்துப் பெட்டி செய்தது.

"அவருட பேரென்ன உம்மம்மா?"

"ஓடாவியார் எண்டுதான் சொல்ற. நெட்டையான மனிசன். எங்களுக்கு மரச் சீவல்ல கிலுகிலுப்ப செஞ்சி தந்த. பேரு தெரியாகா."

முதல் பெட்டி சரிவரவில்லை. கயிற்றைச் சுண்டினால் நாடா பெட்டிக்குள் போகாமல் வெளியில் பறந்தது. ஒருநாள் பறந்து போய், பக்கத்தில் ராட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த மூத்தம்மாவின் நெற்றியில் பட்டு ரத்தம். நாடாவின் முனையில் இரும்பு இருக்கும், சும்மா விஷயமில்லை. மூத்தாப்பா கோபத்தில் பெட்டியைக் கழற்றி அடுப்படியில் போட்டுவிட்டார். எரிக்கத்தான். ஓடாவியார் திரும்பி வந்து அடிப்பலகையை மாற்றிப் பூட்டினார். அதுக்குப் பிறகு நாடா வெளியில் பறக்கவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்குவது கஷ்டம். ரெண்டு நாடா, நூல் சுற்றின தார், மரம், எல்லாம் சேர்ந்து பாரம். ஒவ்வொரு கோட்டுக்கும் இடக்கையால் தூக்கித் தூக்கி மூத்தாப்பாவின் தோள் போய்விட்டது.

"அப்ப என்ன செஞ்ச?"

"உம்மா வல மணியக் கட்டின."

நான் விளங்காமல் பார்த்தேன். உம்மம்மா எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தறிக்கொட்டிலுக்குள் போனா. தறியின் இடப்பக்கம் மேலே, வளைத் தடியில் ஒரு சின்ன உருளை. அதில் ஓடுகிற கயிற்றின் ஒரு நுனியில் பெட்டி, மற்ற நுனியில் கறுப்பாக ஒரு கொத்து. சின்னதில் இருந்து அதைக் கண்டிருக்கிறேன், ஏதோ திறப்புக் கொத்து என்று நினைத்திருக்கிறேன். தூசைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஈயக் குண்டுகள். எறிவலையின் விளிம்பில் கோர்க்கிற அதே குண்டு. மூத்தம்மாவின் வாப்பா வாவியில் வலை எறிகிறவர். பழுதான வலையில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோர்த்து, பெட்டியின் பாரத்துக்குச் சரியாக வரும் வரைக்கும் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துக் கட்டினது மூத்தம்மா. அதுக்குப் பிறகு விரலால் தட்டினால் பெட்டி ஏறும்.

இதை நான் எங்கேயும் வாசிக்கவில்லை. பாரத்துக்கு எதிர்ப் பாரம் கட்டுவது உலகத்தில் புதிதில்லை, கிணற்றுத் துலாவே அதுதான். ஆனாலும் அந்தத் தறியில் றொபேட் கேயிடமிருந்து வராத ஒரு சாமான் இருந்தால் அது இந்தக் குண்டுக் கொத்துத்தான்.

"அப்ப கண்டுபிடிச்சது மூத்தம்மாதானே!" என்றேன். எனக்கு உடனே ஒரு புது விஞ்ஞானி கிடைத்த சந்தோஷம்.

உம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அது ஆரு கட்டினா என்ன? கைநோவு எண்டு வாப்பா ராவைக்கு ராவைக்குத் தைலம் பூசச் சொல்ற. உம்மாக்கு நித்திர இல்ல. அதுக்குத்தான் கட்டின."

அந்த வசனத்தை அப்படியே ஒப்படையில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னா. மாமாவின் கதையில் ஒரு நாளும் வராத ஒரு சாமான்: தேத்தண்ணிக் கடை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு முன்னால், தெருவோரம், கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு மூத்தம்மா அப்பமும் தேத்தண்ணியும் விற்றிருக்கிறா. சாரன் எடுக்க வெளியூரிலிருந்து வருகிற வியாபாரிகள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் எங்கட விறாந்தையில்தான் படுப்பார்களாம். சோறும் இங்கேதான். தறியில் நூல் வாங்கின கடன் எப்பவும் இருக்கும், அப்பக் காசில்தான் அரிசி வந்தது என்றா உம்மம்மா. பெட்டிக் கதை பிறந்ததும் அந்தக் கடையில்தான். பின்னேரம் வியாபாரிகள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் மூத்தாப்பா தறியைக் காட்டிக் கதை சொல்லுவார். சொல்லச் சொல்லக் கதை வளரும். துரை வந்தது கூட உண்மைதானாம். ஆனால் வந்தவர் வெள்ளைக்காரர் இல்லை, கொழும்பிலிருந்து வந்த ஒரு அதிகாரி, கால்சட்டை போட்ட சிங்கள ஆள். தறியைப் பார்த்தார், அப்பம் சாப்பிட்டார், நல்லா இருக்கு என்றார். அப்பத்தைச் சொன்னாரோ தறியைச் சொன்னாரோ தெரியாது.

தறிச்சரித்திரம் எழுதுகிறவர்கள் வீட்டுக்குள் இருக்கிற ஆட்களை எவ்வளவு லேசாக விட்டுவிடுகிறார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். ஒரு தறி ஓடுவதென்றால் ஒருவர் நெய்ய, மற்றவர்கள் நூல் பிரிக்க, சாயம் தோய்க்க, கஞ்சி போட, பாவு ஓட்ட, தார் சுற்ற வேண்டும். மதராஸ் அரசாங்கத்தில் அல்பிரட் சற்றட்டன் என்ற அதிகாரி, கயிறு இழுக்கிற இந்த நாடாத் தறியைப் பரப்ப வேண்டும் என்று 1906இல் சேலத்தில் ஒரு நெசவுச்சாலை திறந்தார். நெசவாளர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து கூலிக்கு நெய்ய வைக்கப் பார்த்தார். அவர்கள் வர விரும்பவில்லை. வீட்டில் பெண்சாதியும் பிள்ளைகளும் கூட நின்று செய்கிற வேலை, சாலைக்குள் தனியாக வந்தால் ஓடாது. நாலு வருஷத்தில் அந்தச் சாலை மூடப்பட்டது. தறி மட்டும் வீடு வீடாகப் பரவியது. ஜோன் கே 1725இல் ஆன் ஹோல்ட் என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தார் என்று ஒரு வரி இருக்கிறது. அவ தார் சுற்றினாவா, அவவின் நெற்றியிலும் நாடா பட்டதா, ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

எங்கட வீட்டில் நல்ல காலம் என்றால் சிறிமாவோவின் காலம்தான். 1970க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வருவதைக் கட்டுப்படுத்தினார்கள். சனத்துக்குப் பாண் வரிசை, எங்கட ஊருக்குப் புடவை வியாபாரம். உம்மம்மாவின் கலியாணக் காலத்துக் கடனெல்லாம் அப்போதுதான் முடிந்ததாம். 1977இல் ஜே. ஆர். வந்து கதவைத் திறந்துவிட, மெஷினில் நெய்த துணி கப்பல் கப்பலாக இறங்கியது. அடுத்த வருஷம் சூறாவளி வந்து கொட்டிலின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு வருஷத்துக்குள் ரெண்டும். மூத்தாப்பா கூரையைத்தான் திருப்பிப் போட்டார், சந்தையைத் திருப்பிப் போட முடியவில்லை. அவருடைய கதையில் துரை வெள்ளைக்காரன் ஆனது அந்தக் காலத்தில்தான் என்பது என் சந்தேகம். கையில் காசு இருந்தபோது கொழும்பு அதிகாரியே போதுமாக இருந்திருக்கும்.

2004 டிசம்பர் 26 பற்றி எனக்கு ஞாபகம் இல்லை, ரெண்டு வயது. கடற்கரைப் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களின் தறிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கட வீடு தெருவுக்கு மேற்கே என்பதால் தப்பியது. தறிக்கொட்டிலுக்குள் மூன்று குடும்பம் மாதக்கணக்கில் இருந்ததாம். தறிக்குழிக்கு மேல் பலகை போட்டு அதில் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்களாம். 65 மீற்றர் கதையெல்லாம் முடிந்து, அவர்களுக்கு வீடு கிடைத்துப் போகும் வரைக்கும் தறி ஓடவில்லை. அந்த நேரத்தில்தான் நிறுவனக்காரர் வந்து படம் பிடித்தது, மாமா கதை சொன்னது. எல்லாம் இழந்த ஊரில் ஒரு சாமான் நிற்கிறது, அதற்கு ஒரு பெரிய கதை வேண்டும்தானே. இதை விளங்கிக்கொண்ட பிறகு எனக்கு மாமாவோடு கோபம் வரவில்லை. புலவர்களுக்கும் புடவைக்கும் பேர்போன ஊர் இது, புலவர்மணி ஷரிபுத்தீன் பிறந்த ஊர். கதையைக் கட்டுவது எங்களுக்கு நெசவு மாதிரித்தான்.

ஆனால் ஒப்படையைத் திருத்தி எழுதினேன். 'கண்டுபிடித்தார்' என்பதை வெட்டிவிட்டு, 'ஒருமுறை கண்டதை நெருப்புப் பெட்டியில் செய்து காட்டினார். பாண்டிருப்பு ஓடாவியார் மரத்தில் செய்தார். பாரத்தை மூத்தம்மா சரிப்படுத்தினார்' என்று எழுதினேன். மூன்று பேர் வந்துவிட்டதால் வசனம் நீண்டுவிட்டது, அழகாகவும் இல்லை. ஒரு பிரதி மாமாவுக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டிருக்கலாம். அவர் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு காலமும் பொய்யா சொன்ன?" என்று கேட்டார். நான் ஜோன் கேயின் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் தாளை மடித்து, அந்தத் துண்டுப் பிரசுரம் இருந்த அதே உறைக்குள் வைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாச்சி என்று எழும்பிப் போனார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தறியைக் கழற்றினார்கள். அத்திவாரம் இந்த மாதமே போட வேண்டும் என்று வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். ஒருவரோடும் பேசாமல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைத் தானே கழற்றினார். அவசரமில்லாமல், ஆணிக்கு ஆணி. அடிப்பலகையைத் திருப்பின இடத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன. ரெண்டு கோடு, பக்கத்தில் ஒரு பெருக்கல் அடையாளம், ஒரு இலக்கம், 4 அல்லது 9. ஓடாவியாருடைய அளவு. உள்ளே இருந்ததால் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அழியவில்லை. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தா, ஒன்ட ஆதாரம்" என்று என் கையில் தந்தார்.

உம்மம்மாவுக்குப் பெட்டி தேவையில்லை. குண்டுக் கொத்தைத்தான் கேட்டா. வாப்பா கயிற்றை அறுத்துக் கொடுக்க, மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினா. பதினொன்று.

"பன்னெண்டு இரிந்த" என்றா.

பழைய கயிறு, எங்கேயாவது கழன்று விழுந்திருக்கும் என்றோம். உம்மம்மா விடவில்லை. பன்னெண்டு இருந்தாத்தான் பெட்டி ஏறும், பதினொண்டுக்கு ஏறாது, எனக்குத் தெரியும் என்றா. தறியே இல்லாத இடத்தில் பெட்டி ஏறி என்ன, இறங்கி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமா முதலில் குழிக்குள் இறங்கினார். வாப்பா மறுபக்கத்தால் இறங்கினார். ரெண்டு மாதமாகப் பேசாத ரெண்டு பேரும் முழங்காலில் இருந்து, போன் வெளிச்சத்தில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மிதிகட்டைக்குக் கீழே ஒரு தையல் ஊசி கிடைத்தது. பிள்ளைகளின் பால்போத்தல் மூடி ஒன்று கிடைத்தது, கடல் வந்த வருஷத்தில் அங்கே படுத்த ஆருடையோ.

குண்டு இன்னும் கிடைக்கவில்லை. மேசன்மார் திங்கட்கிழமை வருகிறார்கள்.